மாப்பிள்ளை அறைக்குத் தேயிலைத் தூர்

தேயிலைத் தூரின் தணல் புகையாது, புகையாது என்பதாலேயே அதை மூடின அறைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது என்று பிரகாசிக்கு முதன்முதலில் சொன்னவள் அவளுடைய நாத்தனார் ஞானம்மாள். பிரகாசி கல்யாணமாகித் திண்டுக்கல் பக்கத்திலிருந்து கோத்தகிரி மலையேறி வந்த வருஷத்து மார்கழி அது. புல்லின் மேல் உப்பைக் கொட்டிவைத்ததுபோல உறைபனி விழுந்திருந்த காலை. அடுப்புக்குள்ளேயே காலை நீட்டிவிடுகிறவள் மாதிரி ஒடுங்கிக் குந்தியிருந்த புதுப்பெண்ணிடம், விறகுக்கட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டே ஞானம்மாள் சொன்னாள்: "இங்க பாரு பிரகாசி, இது சீகை. ஈரமா இருந்தா அழும், கண்ணைக் கரிக்கும், நீயே இருமிக்கிட்டு எந்திரிச்சுப் போய்க் கதவைத் தொறந்துருவ. இது கற்பூர மரம். படபடன்னு பொறி பறக்கும், உன்னைத் தூங்கவே விடாது. இது தேயிலைத் தூரு. செடியைப் பிடுங்கிப் போட்டு ரெண்டு மழை தாண்டின தூரு. இது எரிஞ்சு தணலாச்சுன்னா சத்தமும் கிடையாது, புகையும் கிடையாது. லாரி செட்டுல ரெண்டு பேரு தூங்கினானுங்களே, அதுமாதிரி தூங்க வெச்சிரும்." லாரி செட்டில் தூங்கினது யார் என்று பிரகாசி அன்றைக்குக் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, தகரக் கூரையில் ஐப்பசி மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்க, அடுப்படியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, கையில் ஜெபமாலையோடு, கூடத்துக்கு அந்தப்புறம் தாழ் போட்டிருக்கிற பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் தோன்றியது. கதவுக்குள்ளே மகள் ஜெனிட்டாவும் மாப்பிள்ளை டென்சிலும். கூடவே ஒரு இரும்புச் சட்டி நிறையத் தேயிலைத் தூர்த் தணல். அந்தத் தூரைத் தேடிப் பொறுக்கி எடுத்து, எரித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தது பிரகாசிதான்.

வேறென்ன செய்ய. ஆவணியில் தூத்துக்குடியில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதல்முதலாக மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேலே ஜெனியின் சால்வை. "என்னத்தே, உங்க ஊர்ல ஃபேனே விக்காதோ?" என்று பல் கிட்டிக்கொண்டே சிரித்தார். நல்ல சிரிப்பு. கடைவாய்ப் பல் தெரிகிற சிரிப்பு. காலையிலிருந்து கரண்டும் இல்லை. எங்கோ கம்பிமேல் மரம் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்த ஹீட்டர் மூலையில் சும்மா நிற்கிறது. சரி, அடுப்படியிலாவது வந்து உட்காரட்டும் என்று சீகையைப் பற்றவைத்தால், அது மழையில் நனைந்த சீகை, நுனியில் நுரை தள்ளிக்கொண்டு சீறிச் சீறிப் புகைந்தது. மாப்பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "கல்யாணத்தன்னைக்கு உங்க மக கூட இவ்வளவு அழலையே அத்தே" என்கிறார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இவளுடைய வீட்டுக்காரர் சூசை இருக்கிறாரே, அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பின்கட்டுக்குக் கூட்டிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏண்டி, வந்த மொத நாளே மாப்பிள்ளையக் கருவாடு போடுறியா? புகையாத வெறகு ஒண்ணு பார்த்துப் போடத் தெரியாது? இத்தனை வருசம் இந்த மலையில என்னத்தக் கிழிச்ச?" என்று கேட்டுவிட்டு, கோழி வாங்கக் குடையை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார். கோழி வாங்கப் போனவர் இன்னும் வரவில்லை. அவர் இருந்தால் அவரைவிட்டுக் கதவைத் தட்டச் சொல்லலாம். சொன்னால் தட்டுவாரா? மாட்டார். போடி பைத்தியக்காரி என்பார். அப்படித்தான் சொல்வார். அவர் சொல்லிவிட்டால் இவளும் சும்மா இருந்துவிடலாம். சொல்வதற்கும் ஆளில்லாமல் போய்விட்டது.

விறகுக் கொட்டகையில் நின்று அவள் யோசிக்காமல் இல்லை. கற்பூர மரத்தைக் கையில் எடுத்தாள். அந்தத் தைல வாசனை மாப்பிள்ளைக்குப் பிடிக்கும், சளிக்கும் நல்லது. ஆனால் பொறி தெறித்துப் புதுப் போர்வையில் விழுந்தால்? அது சம்பந்தி வீட்டுச் சீர்ப் போர்வை, சாட்டின் பார்டர் வைத்தது. வைத்துவிட்டாள். சில்வர் ஓக் இருந்தது. அது பேப்பர் மாதிரி, பற்றும், அணையும், பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், சின்னஞ்சிறுசுகள் இருக்கிற அறைக்குள் மாமியார்க்காரி எத்தனை தடவை போய் வருவாள்? அதனால்தான் தூர். மூலையில் சாக்குக்குக் கீழே காய்ந்து கறுத்துக் கிடந்த தூர்கள். கையில் எடுத்தால் மாட்டுக் கொம்பு கனம் கனத்தது. பின்கட்டில் வைத்து எரித்து, ஆளைச் சாய்க்கிற அந்த நீலச் சுவாலை அடங்குகிறவரைக்கும் காத்திருந்து, சாம்பல் பூத்த பிறகுதான் சட்டியில் வாரினாள். காத்திருந்தாளா? அடங்கியிருந்ததா? அடங்கியிருந்தது. ஒரு துண்டில் மட்டும் ஓரமாக நீலம் ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ. அதை விட்டுவிட்டு வாரினாளா, சேர்த்து வாரினாளா? மழைச்சாரல் தணலில் படக் கூடாதே என்று அவசரப்பட்டது ஞாபகமிருக்கிறது. சட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, பக்கத்தில் வழக்கப்படி ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்தாள். இந்த மலையில் எல்லா வீட்டிலும் வைப்பார்கள். சூட்டைத் தண்ணீர் குடித்துவிடும், ஆளுக்கு ஒன்றும் செய்யாது என்று. "அத்தே, இது ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று அவர் கேட்டார். கேட்டாரே! அந்தப் பிள்ளை நிதானமாகக் கேட்டது. அதற்கு இவள் என்ன சொன்னாள்? "தண்ணி வெச்சிருக்கேன்ல மாப்பிள்ளை, ஒண்ணும் ஆகாது, நல்லாத் தூங்குங்க." நல்லாத் தூங்குங்க. வாயில் வேறு வார்த்தையா கிடைக்கவில்லை. சொல்லிவிட்டு இவள் வெளியே வந்தாள், பின்னாலேயே கதவு சாத்திக்கொண்டது, தாழ் விழுந்தது. தணல் உள்ளே இருந்தால் தாழ் போடக் கூடாது என்பது இந்த வீட்டுப் பழக்கம். ஜெனிக்கும் தெரியும். ஆனால் புதுப் புருஷனோடு இருக்கிற பெண் தாழ் போடாமல் இருப்பாளா? அதை எந்த வாயால் சொல்வது, தாழ் போடாதேம்மா என்று?

சொம்புத் தண்ணீர் உண்மையிலேயே குடிக்குமா? லாரி செட்டில்கூடச் சொம்பு இருந்ததாம். ஞானம்மாள் அதைச் சொன்னாள். கீழ்நாட்டிலிருந்து மூட்டை ஏற்றி வந்த டிரைவரும் கிளீனரும் குளிருக்குப் பயந்து, செட்டுக் கதவை இழுத்து மூடி, கீழ்ச் சந்தில் சாக்கைத் திணித்து, நடுவில் தணலை வைத்துப் படுத்திருக்கிறார்கள். காலையில் டீ கொண்டுபோன ஆள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்தானாம். ஒருத்தன் கை தலைக்கு அண்டை கொடுத்தபடி இருந்ததாம். முகம் ரெண்டும் செக்கச்செவேல் என்று, இப்போதுதான் வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி. "செத்த முகம்னு யாரும் சொல்லமாட்டாங்க பிரகாசி, கிள்ளினா எந்திரிப்பான்னு இருக்கும்." சொம்பில் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்ததாம். தண்ணீர் ஒன்றும் குடிக்கவில்லை. அதைத் தெரிந்துவைத்துக்கொண்டேதான் இவளும் இத்தனை வருஷமாகச் சொம்பு வைத்து வந்திருக்கிறாள். வைத்தால் ஒரு தைரியம். அவ்வளவுதான். இந்த வீட்டில் ஒன்றும் ஆகாமல் போனதற்குச் சொம்பா காரணம்? ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருந்தது. மேலே பலகைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு பிளவு, அதன் வழியாகப் பனிக்காலத்தில் கட்டில்மேலேயே மூடுபனி இறங்கும். ஜெனி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அம்மா, மேகம் என் போர்வைக்குள்ள வந்திருச்சு என்பாள். அந்தச் சந்துகள்தான் இத்தனை வருஷமும் வீட்டுக்காக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. போன வாரம் முழுக்கச் சூசை ஏணி போட்டு ஏறி, மைதாப் பசை காய்ச்சச் சொல்லி, பழைய பேப்பரை நாலு மடிப்பாக மடித்து ஒவ்வொரு சந்தாக அடைத்து ஒட்டினார். ஏணியை இவள்தான் பிடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை ஊர்ல போய்க் காத்து உள்ள வர்ற வீடுன்னு சொல்லிரக் கூடாது பாரு" என்றார். கடைசியாகக் கதவுக்கடியில் போடச் சாக்கை மடித்துத் தைத்தது யார்? இவள்தான். இரட்டைத் தையல்.

அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள், பாதியில் நின்றாள், எந்த மணியில் இருக்கிறோம் என்று விரல் மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து. எப்போதும் அந்தக் கதவுக்கடியில் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். இப்போது தெரியவில்லை. சாக்கு சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் முன்பு வரைக்கும் உள்ளே பேச்சுக் கேட்டது, ஜெனி சிரித்தாள், அது கேட்கக் கூடாதென்று இவள் வேண்டுமென்றே பாத்திரம் கழுவினாள். கழுவி முடித்தபோது சத்தம் இல்லை. தூங்குகிறார்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவர்கள், தூங்கத்தானே செய்வார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குகிறது தப்பா? தூங்குகிறவர்கள் புரண்டு படுக்கமாட்டார்களா? அந்தக் கட்டில் புரண்டால் கிறீச்சிடும், தெருவுக்கே கேட்கும், அதற்காக எத்தனை நாள் இவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். கிறீச்சிடவில்லை. இவள் ஒரு தட்டத்தை எடுத்துத் தரையில் போட்டாள். தானாக விழுந்ததுபோல. அது சுழன்று சுழன்று அடங்கிற்று. கதவுக்குள் ஒன்றும் இல்லை. "சூ, சூ, திருட்டுப் பூனை!" என்று இல்லாத பூனையை உரக்கத் திட்டினாள். ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் ஆள் நிழல் ஆடியது. பக்கத்து வீட்டுக் கனகமணி, மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு நின்றாள். "யாரை வெரட்டுற அக்கா? பூனை எங்க வீட்டு அடுப்புல இல்ல படுத்திருக்கு." எட்டிக் கூடத்தைப் பார்த்தாள், பச்சைக் கதவைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிசக்கை! பட்டப்பகல்லயே தாழா? தூத்துக்குடிக்காரருக்குக் குளுரு ரொம்பத்தான் போல." "சும்மா இரு கனகு, தூங்குறாங்க." "தூங்கட்டும் தூங்கட்டும். நீ ஏன் தட்டத்தைப் போட்டு உருட்டுற? எனக்கு வாய்ச்ச மாமியாளும் இப்பிடித்தான், நாங்க கதவைச் சாத்தினாப் போதும், அப்பத்தான் அவளுக்கு உரல்ல இடிக்கணும். இந்த லைன் வீடுகள்ல உன்னையாவது நல்லவன்னு நெனைச்சேன்." சிரித்துக்கொண்டே பழத்தை வைத்துவிட்டுப் போனாள். கனகு, உள்ள தணல் இருக்குடி என்று சொல்ல இவளுக்கு நாக்கு எழும்பிற்று. சொன்னால் அவள் ஊரைக் கூட்டுவாள். ஊர் கூடிக் கதவைத் தட்டி, உள்ளே ரெண்டு பேரும் நல்லபடியாக இருந்து, கலைந்த தலையோடு வெளியே வந்து நின்றால்? சம்பந்தியம்மாள் காதுக்குப் போகாதா? புருசன் பொண்டாட்டி படுத்திருந்த அறையை ஆள் வைத்துத் தட்டினாளாம் அந்த மலைக்காரி. ஜெனி ஜென்மத்துக்கும் மன்னிப்பாளா? கனகு போய்விட்டாள். மழை அவள் போன சுவடில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தது.

சுவரோரமாகச் சுற்றிப் போய் ஜன்னலில் பார்க்கலாம். எழுந்தாள், பின்கட்டு வரைக்கும் போனாள், நின்றாள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டால் கண்ணை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது. அதோடு ஜன்னலுக்குத் திரை. திரைக்கு மேல் பேப்பர். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அடுப்பில் மிச்சமிருந்த சீகை இன்னும் புகைந்துகொண்டிருந்தது, அவளுக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறிற்று, இருமினாள். இருமிக்கொண்டே அந்தப் புகையைப் பார்த்தாள். கரிக்கிறது, அழவைக்கிறது, சேலையெல்லாம் நாற்றம், ஆனால் நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. காலையில் இதைத்தானே கேவலமாக நினைத்து ஒதுக்கினோம். மாப்பிள்ளை ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் என்ன? அடுப்படியிலேயே உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்திருப்பார்கள். ஜெனி கல்யாணத்துக்கு முன்னால் இந்தச் சீகை மாதிரிதான். சட்டை பட்டன் அறுந்தால் ஒரு சத்தம், குழம்பில் உப்புக் குறைந்தால் ஒரு சத்தம். இப்போது ரெண்டு மாதமாகப் போனில் எது கேட்டாலும், நல்லா இருக்கேம்மா, ஒண்ணும் இல்லம்மா. அப்படி இருக்கச் சொல்லிக்கொடுத்ததும் இவள்தான், தாலி கட்டி அனுப்புகிற அன்றைக்கு, புகைச்சல் இல்லாம இரும்மா என்று. இவள் அப்படித்தானே இருந்திருக்கிறாள். சூசை பல்லைக் கடித்தால் இவள் கொட்டகைக்குப் போய் விறகு பொறுக்குவாள். அது ஒரு பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்த நல்லா இருக்கேனை நம்பலாமா? நல்லாத்தான் இருக்கிறாள், காலையில் பார்த்தோமே, அவர் சால்வையை இழுத்து இழுத்து மூடிவிட்டாள், அவர் கையைத் தட்டிவிட்டார், ரெண்டு பேரும் சிரித்தார்கள். நல்லாத்தான் இருக்கிறார்கள். மாதாவே, நல்லாத்தான் இருக்கிறார்கள்.

அப்போது உள்ளே ஜெனியின் போன் அடித்தது. ஏதோ பாட்டு, குதியாட்டப் பாட்டு. பிரகாசிக்கு உயிர் வந்தது. எடுப்பாள். எடுத்து அலோ என்பாள், அந்த ஒரு சத்தம் போதும், இவள் எழுந்து காப்பித் தண்ணீர் வைப்பாள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. எந்தத் தூக்கத்திலும் ஜெனி போனை விடமாட்டாள், கோயிலில் பூசை நடுவிலேயே எடுத்துப் பார்க்கிற கழுதை அது. பாட்டு நின்றது. மழை மட்டும். யாராவது அமர்த்தியிருப்பார்களா, தானாக நின்றதா? மறுபடியும் அடித்தது. அதே குதியாட்டம், ஆளில்லாத வீட்டில் யாரோ தனியாக ஆடுகிறதுபோல. பிரகாசி எழுந்துவிட்டாள். ஜெபமாலை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கூடத்தைத் தாண்டுகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் எத்தனை பொய்யை அடுக்கினாள். கட்டிலுக்கடியில் வெங்காயக் கூடை இருக்கும்மா, அதை எடுக்கணும். உங்கப்பா சட்டை உள்ள மாட்டியிருக்கு. மாப்பிள்ளைக்குக் காப்பி கலக்கட்டுமா, டீ கலக்கட்டுமா? எது சொன்னாலும் தட்ட வேண்டும். தட்டுகிறதற்குக் கையைத் தூக்கியபோது கதவின் மேல் குருத்தோலை ஞாயிறன்று செருகிவைத்த ஓலைச் சிலுவை கண்ணில் பட்டது, காய்ந்து, ஆடாமல், துளிக்கூட ஆடாமல். சந்து இருந்தவரைக்கும் அது காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். தட்டினாள். விரல் நுனியால், பக்கத்து வீட்டில் மோர் கேட்கப் போனவள் மாதிரி. "ஜெனி." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பிறகு உள்ளங்கையால் தட்டினாள், பிறகு ரெண்டு கையாலும். "ஜெனி! மாப்பிள்ளை! ஏய் ஜெனி!" வெங்காயமும் சட்டையும் காப்பியும் எங்கோ போய்விட்டன. "கதவைத் தொறங்க! தொறடி கதவை!" சூசை கேட்டிருந்தால் இது யார் குரல் என்று திரும்பிப் பார்த்திருப்பார். கனகு வீட்டு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கட்டில் கிறீச்சிட்டது. அந்தக் கேடுகெட்ட கட்டில். ஏதோ ஒன்று இடறி விழுந்தது, சொம்பாக இருக்கும், தண்ணீர் ஓடுகிற சத்தம். தாழை யாரோ தேடித் தேடித் தடவுகிறார்கள். பிடிக்கிறார்கள், நழுவ விடுகிறார்கள். "மேல தூக்கும்மா, மேல தூக்கி இழு" என்று கதவோடு வாயை வைத்துச் சொன்னாள். திறந்தது. ஜெனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முடி முகத்தில், முகம் செக்கச்செவேல் என்று. "என்னம்மா... தலை வெடிக்குதும்மா." நாக்குத் தடித்துப் பேசினாள். அவளைத் தன்மேல் சாய்த்து, இடுப்பைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்து, வாசல் கதவை உதைத்துத் திறந்து, மழைச்சாரல் படுகிற இடத்தில் உட்காரவைத்தாள். திரும்பி ஓடினாள். அறைக்குள் ஒரு வாசனையும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சுத்தமாக, கதகதப்பாக, புது வீடு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பனியனோடு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமியாரைப் பார்த்ததும் அந்தக் கிறக்கத்திலும் கைலியைச் சரிசெய்யப் பார்த்தார், போர்வையை இழுத்தார். "அத்தே... மன்னிச்சுக்கிடுங்க... எந்திரிக்க முடியல, காலு நிக்கமாட்டேங்குது." மன்னிப்பு இவர் கேட்கிறார். கதவடியில் சுருண்டு கிடந்த சாக்கை எடுத்தாள், சட்டியின் இரண்டு காதிலும் சுற்றிப் பிடித்தாள், சாக்கு கருகியது, கையும் சுட்டது. கூடத்தைத் தாண்டி, மகளைத் தாண்டி, வாசலில் கொண்டுபோய் மழைக்குள் கவிழ்த்தாள். அத்தனை நேரம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த தணல் அப்போதுதான் சீறிற்று. வெள்ளையாகப் புகை எழுந்து தேயிலைக் காட்டுப் பக்கம் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஜெனி வாசற்படியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்கட்டும், எடுத்தால் நல்லது, முதுகைத் தடவிவிட்டு, "நல்லா மூச்சை இழும்மா, இந்தா, இந்தப் பக்கம் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள்.

அவர் எழுந்து நிற்க முயன்று, சுவரைப் பிடித்து, ஜன்னல் வரைக்கும் வந்திருந்தார். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் கொக்கி. அதைச் சுற்றிலும் சூசை ஒட்டிய பேப்பர், மடிப்புக் கலையாமல், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், மாப்பிள்ளைக்கென்று பார்த்துப் பார்த்து ஒட்டியது. கனத்த ஆள், இவள் ஓடிப்போய் அவர் கையின்கீழ் தோளைக் கொடுத்தாள். மாமியார் தோளில் கையை வைக்க அந்தப் பிள்ளை கூசியது, கூசினாலும் வைத்தது, பனியனுக்குள் நெஞ்சு அடித்துக்கொள்வது இவளுக்குத் தெரிந்தது. அடிக்கிறது. சொல்ல எவ்வளவோ இருந்தது. லாரி செட்டு, ஞானம்மாள், சொம்பு, நல்லாத் தூங்குங்க என்று சொன்ன தன் வாய், கதவைத் தட்டாமல் உட்கார்ந்திருந்த அத்தனை நேரம். இவளுக்கு ஒரு கை அவர் முதுகில், ஒரு கை சுட்டுப்போய் எரிந்துகொண்டிருந்தது, கொக்கிக்கு நீட்ட இரண்டும் உதவவில்லை.

"தம்பி," என்றாள். "பேப்பர் கிழிஞ்சா கிழியட்டும். அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து விடுங்க."